கடைசி நிமிடங்களில் இறங்கிய ஒரு வீரர், பறிபோன 4 புள்ளிகள்: கால்பந்து அணிகளின் தலைவிதியை நீதிமன்றம் எழுதுவது எப்படி?

லீக் முடிந்துவிட்டது. புள்ளிப் பட்டியலில் உங்கள் அணி 12-வது இடம். கீழே இறங்கும் ஆபத்து இல்லை என்று ரசிகர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஒரு தீர்ப்பு வருகிறது: "உங்கள் அணி 17-வது இடம். அடுத்த வருடம் இரண்டாவது டிவிஷனில்தான் ஆட வேண்டும்."

கதை இல்லை. 2013 டிசம்பரில் பிரேசிலின் போர்ச்சுகேசா அணிக்கு நிஜமாகவே நடந்தது இது. காரணம், தடையில் இருந்த ஒரு வீரரை மாற்று ஆட்டக்காரராகக் கடைசி கால் மணி நேரத்துக்கும் குறைவாகக் களமிறக்கியது. அவர் கோல் அடிக்கவில்லை. ஆட்டமும் 0-0 டிராதான்.

'தகுதியில்லாத வீரரை ஆடவைத்தார்கள்' என்ற புகாரும், அதைத் தொடர்ந்து வரும் புள்ளிக் குறைப்பும் கால்பந்தில் அடிக்கடி வெடிக்கும் சர்ச்சை. ஆனால் ஒரே மாதிரியான தவறுக்கு ஒரு நாட்டில் அணியே தரமிறக்கப்படுகிறது, இன்னொரு நாட்டில் அபராதத்தோடு முடிந்துபோகிறது. ஏன் இப்படி?

முதலில், 'தகுதியில்லாத வீரர்' என்றால் யார்?

ஆடத் தெரியாதவர் என்று அர்த்தம் இல்லை! விதிப்படி அந்தக் குறிப்பிட்ட போட்டியில் ஆட அனுமதி இல்லாதவர், அவ்வளவுதான். ரெட் கார்டு வாங்கித் தடையில் இருப்பவர், மஞ்சள் கார்டுகள் சேர்ந்து ஒரு போட்டி உட்கார வேண்டியவர், பழைய கிளப்பிலிருந்து மாற்றல் ஆவணங்கள் முழுமையாக வராதவர், வயதையோ பதிவையோ தவறாகக் காட்டியவர் என எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். பெரும்பாலும் இது களத்தில் நடக்கும் தவறு கிடையாது. அலுவலகத்தில், ஒரு மேஜை மேல், ஒரு காகிதத்தில் நடக்கும் தவறு. அதனால்தான் ரசிகர்களுக்கு இது அவ்வளவு எரிச்சலைத் தருகிறது.

தரமிறக்கம் எவ்வளவு பெரிய அடி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான நாடுகளில் லீக்கின் கடைசி சில அணிகள் அடுத்த சீசனில் கீழ் டிவிஷனுக்குப் போகும். டிவி உரிமைப் பணம் சரியும், ஸ்பான்சர்கள் விலகுவார்கள், நல்ல வீரர்கள் வேறு கிளப் தேடிப் போவார்கள், ஊழியர்கள் வேலை இழப்பார்கள். ஒரே ஒரு புள்ளிக்காக கோர்ட் படியேறத் தயாராக இருப்பது இதனால்தான்.

போர்ச்சுகேசாவுக்கு என்ன நடந்தது?

சாவ் பாலோ நகரில் போர்ச்சுகீசியக் குடியேறிகள் 1920-ல் தொடங்கிய கிளப் இது. பெரிய பணக்கார அணி இல்லை. 2013 சீசனில் தட்டுத்தடுமாறி ஆடியும், 37 போட்டிகள் முடிந்தபோது 47 புள்ளிகள் வைத்திருந்தது. அப்போது ஆபத்தில் இருந்தது ரியோவின் ஃப்ளூமினென்சே அணி. 2012-ல் சாம்பியன் ஆன அதே அணி, அடுத்த வருடமே கீழே விழும் நிலை. கையில் 43 புள்ளி. கடைசிப் போட்டியில் ஜெயித்தாலும் 46-க்கு மேல் போக முடியாது. அதாவது, போர்ச்சுகேசா கடைசிப் போட்டியில் இறங்குவதற்கு முன்பே பத்திரமாக இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சொந்த மைதானமான கனிண்டேயில் கிரேமியோவுடன் போட்டி. இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் ஹெவெர்ட்டன் என்ற வீரரை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். பிரச்சினை என்னவென்றால், முந்தைய ரெட் கார்டுக்காக இரண்டு நாட்களுக்கு முன்புதான், வெள்ளிக்கிழமையன்று, பிரேசிலின் விளையாட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டு போட்டித் தடை விதித்திருந்தது. ஒரு போட்டியை அவர் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்து கழித்துவிட்டார். இன்னொன்று பாக்கி. அந்தப் பாக்கிதான் இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி.

பிரேசில் விளையாட்டு நீதிச் சட்டத்தின் 214-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. முறையற்ற நிலையில் உள்ள வீரரைச் சேர்த்தால், ஒரு வெற்றிக்கு உரிய 3 புள்ளிகள் பறிக்கப்படும். கூடவே, அந்தப் போட்டியில் கிடைத்த புள்ளியும் கணக்கில் சேராது. டிரா ஆனதால் 3 + 1 = 4. போர்ச்சுகேசா 48-லிருந்து 44-க்கு வந்தது. கடைசிப் போட்டியை ஜெயித்து 46-ல் நின்ற ஃப்ளூமினென்சே தப்பித்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் போட்டியில் போர்ச்சுகேசா ஜெயித்திருந்தால்? கிடைத்த 3 புள்ளியும் போய், கூடுதலாக 3 போயிருக்கும். தோற்றிருந்தால் 47-லிருந்து 3 போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் முடிவு 44தான். ஹெவெர்ட்டன் களத்தில் கால் வைத்த நொடியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை, எதிரணியான கிரேமியோவுக்கு இதனால் ஒரு புள்ளிகூட கூடவில்லை. பலன் கிடைத்தது அந்த மைதானத்திலேயே இல்லாத ஒரு அணிக்கு!

கிளப் தரப்பு என்ன சொன்னது?

தடை பற்றிய தகவல் எங்களுக்கு வந்து சேரவில்லை என்பது முதல் வாதம். விசாரணையில் கிளப் சார்பில் ஆஜரான வக்கீல், நான் சொல்லிவிட்டேன் என்றார். கிளப், சொல்லவே இல்லை என்றது. இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. வெள்ளிக்கிழமை மாலை வந்த தீர்ப்பு கால்பந்து கூட்டமைப்பின் இணையதளத்தில் போட்டிக்கு முன்பு வெளியாகவில்லை. ரசிகர் உரிமைச் சட்டப்படி தீர்ப்புகள் பொதுவெளியில் வெளியிடப்பட வேண்டும், வெளியிடாத தீர்ப்பு எப்படிச் செல்லும் என்று கேட்டார்கள்.

விளையாட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தீர்ப்பு வாசிக்கப்பட்டதுமே அது அமலுக்கு வரும், கிளப்பின் வக்கீல் விசாரணையில் இருந்தாரே, பிறகென்ன என்பது அவர்கள் நிலை. டிசம்பர் 16-ல் முதல் தீர்ப்பு, 27-ல் மேல்முறையீடும் ஒருமனதாக நிராகரிப்பு. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் தீர்ப்பில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் ஏற்கெனவே பத்திரமாக இருந்த ஒரு அணி, எந்த லாபமும் இல்லாமல், தெரிந்தே இந்த ரிஸ்க்கை எடுத்திருக்குமா என்ற கேள்வியை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. தவறு நடந்ததா, ஆம். முடிந்தது விசாரணை.

ஃபிளமெங்கோ எங்கே வருகிறது?

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. அதே வாரம், போர்ச்சுகேசா ஆடுவதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை, பிரேசிலின் மிகப் பிரபலமான ஃபிளமெங்கோ அணியும் இதே தவறைச் செய்தது. தடையில் இருந்த ஆந்த்ரே சாண்டோஸ் என்ற வீரரை க்ரூசெய்ரோவுக்கு எதிராக ஆடவைத்தது. அவர்களுக்கும் 4 புள்ளி வெட்டு. 49 புள்ளி 45 ஆனது.

இப்போது ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஃபிளமெங்கோ மட்டும் தண்டிக்கப்பட்டிருந்தால் 45 புள்ளியோடு, 46 வைத்திருந்த ஃப்ளூமினென்சேவுக்குக் கீழே போய், ஃபிளமெங்கோ தரமிறக்கப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போர்ச்சுகேசாவும் அதே தவறைச் செய்து 44-க்கு இறங்கியதால்தான் ஃபிளமெங்கோ 16-வது இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சின்ன கிளப் விழுந்து, ரியோவின் இரண்டு ஜாம்பவான்களும் பிழைத்தார்கள்.

சந்தேகம் வராமல் இருக்குமா? 'காசு வாங்கிட்டுதான் இறக்கினாங்க' என்று பிரேசில் முழுக்கப் பேச்சு. சாவ் பாலோ அரசு வழக்கறிஞர்களும் அந்தக் கோணத்தில் விசாரணையில் இறங்கினார்கள். ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. இதை ஒரு சந்தேகம் என்பதற்கு மேல் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

சாதாரண நீதிமன்றத்துக்குப் போக முடியாதா?

போனார்கள். பிரேசில் அரசியல் சாசனத்தின் 217-வது பிரிவு, விளையாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழிகளும் முடிந்த பிறகுதான் பொது நீதிமன்றம் விளையாட்டு வழக்குகளை எடுக்கலாம் என்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கும் கிளப்புகள் வெளி நீதிமன்றம் போவது பிடிக்காது. எனவே கிளப்புக்குப் பதில் ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். சில இடைக்கால உத்தரவுகளும் கிடைத்தன. பிறகு அவை ரத்தாகின.

இதன் உச்சக்கட்டம் 2014 ஏப்ரலில். இரண்டாவது டிவிஷனின் முதல் போட்டியில் போர்ச்சுகேசா ஜாயின்வில் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்திருக்கிறது என்று தகவல் வர, 17-வது நிமிடம் வாக்கில் அணி மொத்தமும் மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டது. திரும்பி வரவில்லை. அந்தப் போட்டியும் எதிரணிக்கே போனது. அந்த வருடம் இரண்டாவது டிவிஷனில் கடைசி இடம். 2016-ல் மூன்றாவது டிவிஷனிலிருந்தும் விழுந்தது. பிறகு தேசிய அளவில் எந்த டிவிஷனிலும் இடமில்லாமல் இருந்த வருடங்களும் உண்டு. 2013-ல் கொரிந்தியன்ஸ், சாவ் பாலோ அணிகளோடு ஒரே லீக்கில் ஆடிய கிளப் இது. எல்லாப் பழியையும் அந்த 4 புள்ளி மேல் போட முடியாது, கடனும் நிர்வாகக் குளறுபடியும் முன்பே இருந்தன. ஆனால் சரிவு தொடங்கிய தேதி எல்லோருக்கும் தெரியும்.

பிரேசிலில் இது முதல் முறையா?

இல்லவே இல்லை. மைதானத்தில் தோற்று, கோர்ட்டில் ஜெயிப்பதற்கு அங்கே தனியாக ஒரு வார்த்தையே இருக்கிறது: 'தபெட்டாவ்', அதாவது பெரிய கம்பளம். புல்தரையில் ஜெயிக்காமல் நீதிமன்றக் கம்பளத்தில் ஜெயித்தவர்கள் என்று கிண்டல்.

1999-ல் சாவ் பாலோ அணி பொட்டாஃபோகோவை 6-1 என்று நொறுக்கியது. பிறகு, அந்தப் போட்டியில் ஆடிய சாண்ட்ரோ ஹிரோஷி என்ற வீரரின் பதிவில் சிக்கல் இருப்பது தெரியவர, 6 கோல் வாங்கிய அணிக்கே புள்ளிகள் தரப்பட்டன! அந்தப் புள்ளிகளால் பொட்டாஃபோகோ தப்பிக்க, தலைநகரப் பகுதியைச் சேர்ந்த காமா என்ற சின்ன அணி தரமிறக்கப்பட்டது. காமா விடவில்லை. பொது நீதிமன்றத்துக்குப் போய் சட்டப் போராட்டம் நடத்தியதில், 2000-ம் ஆண்டு லீக்கையே கூட்டமைப்பால் வழக்கம் போல நடத்த முடியாமல் போனது. பெரிய கிளப்புகள் சேர்ந்து 'ஜோவாவ் ஹாவலாஞ் கோப்பை' என்ற பெயரில் 100-க்கும் மேற்பட்ட அணிகளோடு ஒரு மாற்றுப் போட்டியை நடத்தின. அதில் காமாவுக்கும் மேல் பிரிவில் இடம் கிடைத்தது. 1999-ல் மூன்றாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ஃப்ளூமினென்சேவும் இந்தக் குழப்பத்தில் நேராக மேல் பிரிவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது டிவிஷனில் ஆடாமலே! 2013-ல் அதே அணி மறுபடி கோர்ட்டால் தப்பித்தபோது நாடே கோபப்பட்டதற்குப் பின்னால் இந்தப் பழைய கணக்கும் இருக்கிறது.

இங்கிலாந்தில் மட்டும் ஏன் அபராதம்?

2007-ல் வெஸ்ட் ஹாம் விவகாரம். அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸும் மஸ்கெரானோவும் 2006 ஆகஸ்ட் இறுதியில் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணியிலிருந்து லண்டனுக்கு வந்தார்கள். அவர்களின் பொருளாதார உரிமை கிளப்பிடம் இல்லை, வெளி நிறுவனங்களிடம் இருந்தது. வீரர்கள் விஷயத்தில் மூன்றாம் தரப்பு தலையிட வழிசெய்யும் ஒப்பந்தங்கள் பிரீமியர் லீக் விதிக்கு எதிரானவை. வெஸ்ட் ஹாம் அந்த ஒப்பந்தங்களை லீக்கிடம் காட்டவில்லை. கேட்டபோதும் உண்மையைச் சொல்லவில்லை.

2007 ஏப்ரல் 27-ல் தீர்ப்பு: 55 லட்சம் பவுண்டு அபராதம். புள்ளிக் குறைப்பு இல்லை. சீசன் முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது, இப்போது புள்ளியை வெட்டினால் அணி விழுந்துவிடும், கிளப் தவறை ஒப்புக்கொண்டுவிட்டது, நிர்வாகம் கைமாறிவிட்டது, ரசிகர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றெல்லாம் அந்தக் குழு காரணம் சொன்னது. மே 13, கடைசி நாள். ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை வெஸ்ட் ஹாம் 1-0 என்று வென்றது. கோல் அடித்தது யார்? டெவெஸேதான்.

அதே நேரத்தில் ஷெஃபீல்டு யுனைடெட் சொந்த மண்ணில் விகனிடம் 2-1 என்று தோற்று, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தரமிறங்கியது. வெஸ்ட் ஹாம் 41, விகன் 38, ஷெஃபீல்டு 38. வெஸ்ட் ஹாமுக்கு 3 புள்ளி மட்டும் வெட்டியிருந்தால் மூன்று அணியும் 38. கோல் வித்தியாசம் விகனுக்கு மைனஸ் 22, ஷெஃபீல்டுக்கு மைனஸ் 23, வெஸ்ட் ஹாமுக்கு மைனஸ் 24. வெறும் 3 புள்ளி போதுமாக இருந்தது!

ஷெஃபீல்டு தொடர்ந்து போராடியது. 2008-ல் லார்டு கிரிஃபித்ஸ் தலைமையிலான நடுவர் குழு, டெவெஸின் ஆட்டம் வெஸ்ட் ஹாமுக்குக் குறைந்தது 3 புள்ளியாவது பெற்றுத் தந்தது என்ற முடிவுக்கு வந்தது. 2009-ல் இரு கிளப்புகளும் பணத்தில் சமரசம் செய்துகொண்டன, சுமார் 2 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன. பணம் வந்தது, லீக் இடம் வரவில்லை. ஷெஃபீல்டு மறுபடி பிரீமியர் லீக்கில் ஆட 2019 வரை காத்திருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரேசிலில் விதி ஒரு இயந்திரம், தவறு உள்ளே போனால் தண்டனை வெளியே வரும். நோக்கம், பலன் எதையும் பார்க்காது. இங்கிலாந்தில் அந்தக் குழுவுக்கு விருப்ப உரிமை இருந்தது, அது கடைசியில் ஏமாற்றிய கிளப்புக்கே சாதகமாகப் போனது. கவனக்குறைவுக்கு மரண தண்டனை, மறைத்துப் பொய் சொன்னதற்கு அபராதம் என்று ஷெஃபீல்டு ரசிகரோ போர்ச்சுகேசா ரசிகரோ சொன்னால் மறுப்பது கஷ்டம். என்னைக் கேட்டால், இரண்டில் மோசமானது இங்கிலாந்து வழிதான். புள்ளி வெட்டினால் அணி விழும் என்பதே வெட்டாததற்குக் காரணம் என்றால், சீசன் முடியும் வரை உண்மையை மறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுமே!

இங்கிலாந்து இப்போது மாறியிருக்கிறது. 2023-24 சீசனில் நஷ்ட வரம்பு விதியை மீறிய எவர்ட்டனுக்கு நடு சீசனில் 10 புள்ளி வெட்டினார்கள், மேல்முறையீட்டில் 6 ஆனது, பிறகு இன்னொரு வழக்கில் மேலும் 2. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. இரண்டு அணிகளும் தப்பித்தன. ஆனால் யார் எத்தனை புள்ளியில் இருக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, ஆனால் கீழே இறங்குவதில் இல்லை, மேலே ஏறுவதில். 2025 ஜனவரி 13-ல் ஐ-லீக் போட்டியில் நாம்தாரி அணி இன்டர் காசியை 2-0 என்று வென்றது. மஞ்சள் கார்டுகள் சேர்ந்ததால் வெளியே உட்கார வேண்டிய ஒரு வெளிநாட்டு வீரரை நாம்தாரி ஆடவைத்தது என்று காசி புகார் செய்தது. இங்கே கவனிக்க வேண்டிய வித்தியாசம், பிரேசிலின் 214-வது பிரிவு போல இல்லாமல், இந்த முறையில் போட்டியே எதிரணிக்கு 3-0 என்று கொடுக்கப்படும். அதாவது புகார் செய்யும் அணிக்கு நேரடி லாபம்.

அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு காசிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக் குழு அதைத் திருப்பிப் போட்டது. அந்த 3 புள்ளி இல்லாத பட்டியலில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40, இன்டர் காசி 39. சர்ச்சில் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் போவது கோப்பை மட்டுமா? ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் உரிமையும்தான்.

காசி, சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரலில் முடிந்த லீக்கின் சாம்பியன் இன்டர் காசிதான் என்று அந்த நீதிமன்றம் ஜூலை 18-ல் சொன்னது.